ஒரு லெஸ் பால் நகலுக்கு அசல் உதிரிபாகம் தேடுவது

சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு மின்பாகம். கறுப்பு உடலில் வரிசையாக வண்ண வளையங்கள் இருப்பதால் வண்டின் பெயரே அதற்கு நிலைத்து, கிதார் உலகில் எல்லோரும் அதைப் ‘பம்பிள்பீ’ என்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்பிராக் நிறுவனம் செய்து விற்ற இந்தப் பொருள் 1950-களில் எந்த வானொலி பழுதுபார்ப்பவரின் இழுப்பறையிலும் கிடந்திருக்கும். இன்று அதில் நல்ல நிலையில் உள்ள ஒரு ஜோடிக்கு, பழகுவதற்கான புதிய மின்கிதார் ஒன்றின் விலையைத் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மிஷிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் தொழிற்சாலை, 1958 முதல் 1960 வரை செய்த செம்மஞ்சள் நிற லெஸ் பால் கிதார் ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் அத்தகைய இரண்டை வைத்துப் பற்றவைத்தது என்பதுதான் அதற்கு ஒரே காரணம்.

அந்தக் கிதாரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952-இல் பொன்னிற மேற்பூச்சுடன் 210 டாலர் விலையில் லெஸ் பால் சந்தைக்கு வந்தது. 1957-இல், நரம்பின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பில் இரைச்சலை அடக்கும் இரட்டைச்சுருள் வகை அதில் இடம்பெற்றது. 1958-இல் பொன்பூச்சு போய், மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒளிபுகும் வண்ணம் வந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி அமையாததால் 1960-இன் இறுதியோடு இந்த வடிவத்தையே நிறுவனம் கைவிட்டது. அதற்குள் வெளிவந்தவை ஏறத்தாழ 1,500 கிதார்கள்தான். சில ஆண்டுகள் கழித்து கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன் போன்ற பிரிட்டிஷ் இளைஞர்கள் பழைய கடைகளிலிருந்து இவற்றை வாங்கி, உரத்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களோடு இணைத்து வாசித்த பிறகுதான் அவற்றின் குரல் என்னவென்று உலகம் கேட்டது. 1968-இல் கிப்சன் லெஸ் பாலை மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆயினும் 1959-ஐச் சுற்றிய அந்த மூன்றாண்டுச் சரக்கின் விலை ஏறிக்கொண்டே போய், இன்று பல லட்சம் டாலரில் நிற்கிறது. அசலை வாங்க முடியாதவர்கள் நகலைச் செய்யத் தொடங்கியதும், அந்த நகலுக்குள் முடிந்தவரை அசல் பாகங்களைப் பொருத்த விரும்பியதும் அதன் பின்விளைவுகள்.

‘அசல் பாகம்’ என்று விற்பனையாளர்கள் சொல்லும்போது மூன்று வெவ்வேறு பொருள்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. அந்தக் காலத்துக் கிதாரிலிருந்து கழற்றியது ஒன்று. அந்தக் காலத்தில் செய்யப்பட்டு, எதிலும் பொருத்தப்படாமல் கிடங்கிலேயே தங்கிப்போனது இன்னொன்று. பழைய அளவுகளையும் பழைய உலோகக் கலவையையும் பின்பற்றி இன்று புதிதாகச் செய்தது மூன்றாவது. மூன்றுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. தொடங்கும்போதே இவற்றைப் பிரித்துக் கேட்காதவர் முதலாவதன் விலையைக் கொடுத்து மூன்றாவதை வாங்கி வருவார்.

இந்தத் தேடலில் பலரும் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. கிப்சன் தன் ஆலையில் மரத்தை அறுத்தது, ஒட்டியது, வண்ணம் பூசியது, பிக்கப்புக்குக் கம்பி சுற்றியது. மற்றவற்றில் பெரும்பகுதி அன்றைய சந்தையில் யாருக்கும் கிடைத்த சாதாரணச் சரக்கு. நரம்பை முறுக்கும் ட்யூனர் சிகாகோவின் குளூசன் நிறுவனத்துடையது. பிக்கப்பை மாற்றும் சுவிட்சும் வெளியே செல்லும் கம்பியைச் செருகும் ஜாக்கும் அதே நகரத்து ஸ்விட்ச்கிராஃப்ட் செய்தவை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாட் மில்வாக்கியின் சென்ட்ராலாப் அனுப்பியது. கெப்பாசிட்டர் மாசசூசெட்ஸின் ஸ்பிராக் ஆலையிலிருந்து வந்தது. இவர்களில் குளூசனைத் தவிர மற்றவர்களுக்கு இசைக்கருவி முதன்மைத் தொழிலே அல்ல. வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்புத் தொழில்களுக்குப் பாகம் செய்தவர்கள் அவர்கள். எனவே பாகம் தேடுபவர் செல்ல வேண்டிய இடம் லெஸ் பால் விற்கும் பகட்டான பழங்கருவிக் கடை அல்ல என்பது என் கருத்து. உடைந்த பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர், ஆய்வகத்தில் கழித்துப்போட்ட அளவைக்கருவி, கிப்சனே அந்த ஆண்டுகளில் மலிவு விலையில் விற்ற இ.எஸ்.-125 போன்ற உள்ளீடற்ற உடல் கிதார்களின் சிதைந்த மிச்சம் ஆகியவற்றில் அதே பாட், அதே கெப்பாசிட்டர் வேறு பெயரில், வேறு விலையில் கிடக்கின்றன. ஸ்விட்ச்கிராஃப்டைப் பொறுத்தவரை அந்தச் சிரமம்கூட வேண்டாம். அதே வகைச் சுவிட்சை அந்நிறுவனம் இன்றும் செய்து விற்கிறது.

பாட்டின் உலோக உறையில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் அதன் வயதை அதுவே சொல்லிவிடும். முதல் மூன்று இலக்கங்கள் செய்தவர் யார் என்பதைக் குறிப்பவை: 134 என்றால் சென்ட்ராலாப், 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து ஆண்டு, ஓர் இலக்கத்திலோ இரண்டு இலக்கத்திலோ வரும். இறுதி இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 1376633 என்று இருந்தால், 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் சி.டி.எஸ். செய்த பாட் என்று பொருள். ஆனால் இந்தத் தேதி பாட்டின் பிறந்தநாள் மட்டுமே. கிதாரின் பிறந்தநாளாக அதைக் கொள்ளக் கூடாது. ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் பெருந்தொகையாக வாங்கிக் குவித்த பாட்கள் 1969 வரை அதன் கிதார்களில் பொருத்தப்பட்டு வந்தன. பாட் கிதாரைவிட மூத்ததாக இருக்கலாம், இளையதாக இருக்க முடியாது. இளையதாக இருந்தால் யாரோ பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, 500 கிலோ ஓம் என்று எழுதிய பழைய பாட்டை அளந்து பார்த்தால் 400 முதல் 600 வரை எதுவும் வரக்கூடும், ஏனெனில் அன்று 20 சதவீத விலகலை யாரும் குறையாகக் கருதவில்லை. அளவு மிகக் குறைந்த பாட் ஒன்று அமைந்துவிட்டால் கிதாரின் உச்சஸ்தாயி மங்கிவிடும். தேதி சரியாக இருக்கிறது என்பதற்காக அதைப் பொருத்துபவர் காதைக் கேட்காமல் எண்ணைக் கேட்கிறார்.

கெப்பாசிட்டருக்குத் திரும்புவோம். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று வரும் முதல் மூன்று வளையங்கள் 22,000 பிக்கோஃபாரட், அதாவது 0.022 மைக்ரோஃபாரட் என்பதைச் சொல்கின்றன. உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதமும் உலோகத் தகடும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் உறையில் விரிசல் விட்டு ஈரம் புகுந்து காகிதம் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குவது இயல்பு. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்ப்பவர்கள் இந்த வண்டுகளைக் கண்டவுடன் வெட்டி எறிவதற்குக் காரணம் அதுவே. நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும் இடத்தில் கசிவு மற்ற பாகங்களையும் எரித்துவிடும். கிதாருக்குள் அந்த அபாயம் இல்லை, ஏனெனில் அங்கே ஓடுவது மிகச் சிறிய சமிக்ஞை மட்டுமே. ஆகவே ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பொன்விலைக்கு வாங்குவதில் முழு மூடத்தனம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்சஸ்தாயியைக் குறைக்கும் டோன் குமிழை முழுவதும் திறந்து வைத்து வாசிப்பவருக்கு இந்தக் கெப்பாசிட்டர் செய்யும் வேலை மிகக் குறைவு. பழைய தோற்றமுள்ள கறுப்பு உறைக்குள் தற்காலத்துப் பாலியெஸ்டர் படலக் கெப்பாசிட்டரை அடைத்து விற்பதும் நடப்பதால், வெளிவளையங்களை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

பிக்கப் அப்படி அல்ல. நகலுக்குள் பழைய பாகம் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அது பிக்கப்பாகத்தான் இருக்க வேண்டும். கிப்சனின் பொறியாளர் செத் லவர் இதை வடிவமைத்து, 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே கம்பியை எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்களை, எதிரெதிர்க் காந்தமுனைகளோடு பக்கத்தில் பக்கமாக வைத்தால் நரம்பின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். காப்புரிமை கிடைக்கும்வரை அடித்தகட்டில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற ஆங்கில வாசகம் தாங்கிய ஒரு சிறிய கறுப்பு ஒட்டுச்சீட்டு இருந்தது; அதன் முதலெழுத்துகளே ‘பி.ஏ.எஃப்.’ என்ற பெயராயின. 1959 ஜூலையில் 2,896,491 என்ற எண்ணில் காப்புரிமை வந்துவிட்ட பிறகும் பழைய சீட்டையே சில ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் எண் பொறித்த புதிய சீட்டு வந்தபோது அதில் இருந்ததோ 2,737,842. அது பிக்கப்பின் எண்ணே அல்ல, கிதாருக்குப் பெயர் தந்த லெஸ் பால் என்ற இசைக்கலைஞரின் நரம்புதாங்கிக்கு முன்பே கிடைத்த காப்புரிமை. போட்டியாளர்கள் ஆவணத்தைத் தேடிப் பிடிக்காமல் இருக்கச் செய்த தந்திரம் என்று பலர் சொல்கிறார்கள். வெறும் கவனக்குறைவு என்போரும் உண்டு.

இந்தப் பிக்கப்பில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கம்பி சுற்றும் இயந்திரத்தை ஆள் பார்த்து நிறுத்திய காலம் அது. ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது நோக்கமாக இருந்தாலும், கூடியும் குறைந்தும் போனதால் ஒரு பிக்கப்பின் மின்தடை 7 கிலோ ஓமிலிருந்து 9 வரை எங்கும் நிற்கும். காந்தமும் அல்நிக்கோ என்ற உலோகக் கலவையின் வகைகளில் அன்று கையில் எது அகப்பட்டதோ அது. இரண்டு சுருள்களின் சுற்று எண்ணிக்கை சமமாக இல்லாதபோது இரைச்சல் முழுவதும் அழியாது. ஆனால் உச்சஸ்தாயியில் ஒரு கூர்மை மிஞ்சும். பலர் இன்று தேடி அலையும் குரல் அந்தச் சமமின்மையிலிருந்து பிறந்தது. 1959-ஐ ஒட்டிக் கறுப்பு பிளாஸ்டிக் போதாமல் போனபோது, கம்பியைச் சுற்றும் உருளைகள் வெண்மஞ்சள் நிறத்திலும் வந்தன. மேலே உலோக மூடி இருந்ததால் வாங்கியவருக்கு அது தெரியவே இல்லை. ஒலியில் எந்த வேறுபாடும் இல்லாத இந்த நிறத்துக்காக இன்று தனி விலை கேட்கிறார்கள்.

விலை ஏறினால் போலி வரும். ஒரு ஜோடி பல ஆயிரம் டாலர் பெறும் என்னும்போது, அச்சிட எளிதான ஒட்டுச்சீட்டே எல்லாவற்றிலும் குறைந்த சான்று. தெரிந்தவர்கள் சீட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். அடித்தகட்டின் கால்களில் அச்சு விட்ட தடம், உருளையின் மேற்புறத்தில் உள்ள சிறு சதுரத் துளையும் வட்டமும், 42-ஆம் எண் கம்பியின் மீதுள்ள எனாமலின் கருஞ்சிவப்பு நிறம், மூடியைப் பற்றவைத்த சால்டர் தொடப்படாமல் இருக்கிறதா என்பவையே அவர்கள் கேட்கும் கேள்விகள். மூடியைத் திறந்துகாட்டச் சொன்னால் அசல் சால்டர் உடைந்து மதிப்புக் குறையும். திறக்காமல் வாங்கினால் உள்ளே இருப்பது தெரியாது. இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு கிடையாது. மூடியில்லாமல் ஏற்கெனவே திறந்து கிடக்கும் பிக்கப்பை, அதுவும் லெஸ் பாலிலிருந்து அல்லாமல் அதே ஆண்டுகளின் இ.எஸ்.-175 கிதாரிலிருந்தோ மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதாரிலிருந்தோ வந்ததை வாங்குவது என் கணிப்பில் அறிவுடைய வழி. அதற்கும் வசதி இல்லையெனில், பழைய அளவுப்படி கையால் சுற்றித் தரும் சிறு பட்டறைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன; கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் அவற்றை அசலிலிருந்து பிரித்தறிபவர்கள் அரிது.

உலோகப் பாகங்களில் நிலைமை தலைகீழ்: அசல் என்பதாலேயே மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். நரம்பைத் தாங்கும் குதிரை, கிப்சன் இட்ட பெயர் ஏ.பி.ஆர்.-1, துத்தநாகக் கலவையில் வார்த்தது. பல பத்தாண்டுகள் நரம்பின் அழுத்தத்தைச் சுமந்து நடுவில் தொய்ந்துபோன குதிரைகள் ஏராளம். தொய்ந்த குதிரையில் நடு நரம்புகள் விரற்பலகையை உரசி இரையும். நரம்பின் முனையைப் பிடிக்கும் பின்தாங்கி அன்று எடை குறைந்த அலுமினியத்தில் செய்யப்பட்டது. பின்னாளில் பல தாங்கிகள் கனத்த துத்தநாகக் கலவைக்கு மாறின. எனவே கையில் எடுத்தவுடன் இறகுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. முலாம் நிக்கலா குரோமியமா என்பதும் காலத்தைக் காட்டும். நிக்கல் நாள்பட மங்கிச் சற்று மஞ்சள் தட்டும், குரோமியம் நீலம் கலந்த பளபளப்போடு அப்படியே நிற்கும். 1960-களின் நடுப்பகுதியில்தான் கிப்சன் குரோமியத்துக்குப் போனது. குளூசன் ட்யூனரின் துலிப் மலர் வடிவப் பிடிகள் பழைய பிளாஸ்டிக்கால் ஆனவை; அவை சுருங்கி, வெடித்து, ஒருநாள் முறுக்கும்போதே விரலில் தூளாகும். பல்சக்கரம் நன்றாக இருந்தால் பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதே பெயரில் இன்று வரும் புதிய ட்யூனரைப் பொருத்துபவரையும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பிளாஸ்டிக் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பிக்கப்பைச் சுற்றிய வெண்மஞ்சள் சட்டத்தின் அடியில் எம்-69 என்ற வார்ப்பெண் இருக்கும் என்பதைப் போலிக்காரர்களும் அறிவார்கள். இன்றைய நகல்கள் மிகத் துல்லியமானவை. அசலுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் வெறும் வரலாற்றுக்கே.

மரம்தான் உண்மையான சோதனை. அசலில் முதுகும் கழுத்தும் ஹோண்டுராஸ் மகாகனி, முகம் மேப்பிள், விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். கழுத்து நீண்ட கழுந்தாக உடலுக்குள் இறங்கி, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டிருந்தது. மகாகனியும் மேப்பிளும் பணம் இருந்தால் கிடைப்பவை. அதே மகாகனி இனம் ஃபிஜித் தீவுகளின் தோட்டங்களில் வளர்ந்து கிதார்களாகிறது, தமிழ்நாட்டு விவசாயிகளும் வரப்போரங்களில் அதை நட்டு வருகிறார்கள். பிரேசில் ரோஸ்வுட்டின் கதை வேறு. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1992-இல் இதை முதலாம் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே வெட்டப்பட்டது என்பதற்கான ஆவணமும் அரசின் அனுமதியும் இல்லாமல், ஒரு சிறு விரற்பலகையளவு துண்டுகூடச் சட்டப்படி நாட்டின் எல்லையைக் கடக்க முடியாது. 2019-இல் பிற ரோஸ்வுட் இனங்களால் ஆன முடிவுற்ற இசைக்கருவிகளுக்குத் தளர்வு கிடைத்தபோதும் இந்த ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. பழைய மரச்சாமான்களை அறுத்து எடுக்கிறோம் என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் காகிதம் இல்லாத மரத்தைக் கொண்டு கிதார் செய்தவர் அதை வெளிநாட்டில் விற்கவும் முடியாது, வெளிநாட்டுக் கச்சேரிக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

மாற்று மரம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் வளரும் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான் உலகச் சந்தையில் ‘இந்தியன் ரோஸ்வுட்’. பிரேசில் மரம் அரிதாகத் தொடங்கிய 1960-களிலேயே அமெரிக்கக் கிதார் நிறுவனங்கள் இதற்கு மாறின. மார்ட்டின் நிறுவனம் 1969-இல் மாறியது. இந்த மரத்தை உருட்டுக்கட்டையாகவோ அறுத்த பலகையாகவோ இந்தியா ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. வேலை முடிந்த பாகமாகத்தான் வெளியே போக வேண்டும். 2011-இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் புகுந்து இந்திய ஈட்டியையும் கருங்காலியையும் கைப்பற்றியதற்கு, விரற்பலகைக்கான துண்டு ‘அறுத்த மரமா, பாகமா’ என்ற இந்தக் கேள்வியே அடிப்படை. 2012-இல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் தண்டம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அந்தத் தண்டம் 2009 சோதனையில் சிக்கிய மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது, இந்திய மரம் திருப்பித் தரப்பட்டது. ஒலியைப் பொறுத்தமட்டில், இத்தனை மெல்லிய விரற்பலகையில் இரண்டு ரோஸ்வுட்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட, கழுத்தின் கோணத்தில் அரை டிகிரி பிசகினால் வரும் வேறுபாடு பெரிது என்று நான் நம்புகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பெற ஒரு குறுக்குவழி உண்டு: 1952 முதல் 1956 வரை வந்த பொன்னிற லெஸ் பால் ஒன்றை வாங்கி, பூச்சைச் சுரண்டி, பிக்கப்புக்குப் பள்ளத்தை அகலப்படுத்தி, தேவையானால் கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மீண்டும் ஒட்டி, 1959-ஆக மாற்றுவது. மரமும் வச்சிரமும் அதே ஆலையின் அதே பத்தாண்டைச் சேர்ந்தவை என்பதால் இதைவிட நெருங்கிய நகல் இருக்க முடியாது. ஆனால் பொன்பூச்சுக்கு அடியில் உள்ள மேப்பிள் வரி இல்லாமல் வெறுமையாக இருக்கலாம், நடுக்கோட்டில் பொருந்தாமலும் இருக்கலாம். மறைக்கப்போவதற்கு யாரும் அழகிய பலகையைத் தேர்ந்தெடுக்கவில்லை. முழுதாக இருக்கும் பொன்னிறக் கிதாரை இதற்காகச் சிதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தலை உடைந்தும் ஏற்கெனவே மறுபூச்சுக் கண்டும் மதிப்பிழந்த ஒன்றானால் மறுப்பதற்கில்லை. முழுக் கிதார்களைப் பிரித்துத் துண்டுதுண்டாக விற்பதும் இதே வகைதான்: பாகங்களின் கூட்டுவிலை முழுக் கருவியின் விலையைத் தாண்டும் நாளில் அதன் விதி முடிந்துவிடுகிறது, அசல் பாகம் கேட்டு வரும் ஒவ்வொரு வாங்குபவரும் அந்த விலையைச் சிறிது ஏற்றிவிட்டுப் போகிறார்.

பழைய மரம், பழைய பிக்கப், பழைய பாட், விரிசல் விட்ட லாக்கர் மெருகுப்பூச்சு என எல்லாம் கூடிவிட்ட நகலின் தலையில் கிப்சன் பெயரையும், பின்புறத்தில் 9-இல் தொடங்கும் வரிசை எண்ணையும் மைமுத்திரையாகக் குத்திவிட்டால், செய்தவர் இருக்கும்வரை அது நகல். அவருக்குப் பின் இரண்டு கை மாறினால் போதும், அது அசலாகிவிடும். வணிகச் சின்னச் சட்டத்தின் சிக்கல் தனி. நேர்மையான பட்டறைக்காரர்கள் இதற்கென ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: பிக்கப்புக்குக் கீழே, லாக்கர் எட்டாத வெற்று மரத்தில், தங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் உளியால் ஆழமாகச் செதுக்கிவிடுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாத ஆழம் அது.